எத்தனை சிசி? மார்பகப் பையின் அளவை முடிவு செய்வது எது?



மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து விழும் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். 250-ஆ, 300-ஆ, 400-ஆ? பெண்கள் விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி அது. அதற்கு அடுத்தபடியாக வருவது, "பி கப்பிலிருந்து சி கப்புக்குப் போக முடியுமா?" என்பது. இரண்டுமே துணிக்கடையில் கேட்க வேண்டிய கேள்விகள். சட்டை உடம்பின்மேல் தொங்குகிறது. பெரிதாகிவிட்டால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். மார்பில் வைக்கப்படும் சிலிக்கோன் பையோ உடம்புக்குள்ளே, ஏற்கெனவே இருக்கின்ற இடத்தில் அடங்கியாக வேண்டும். அந்த இடம் ஒவ்வொரு பெண்ணுக்கும் எவ்வளவு என்பதைக் கண்டறிய முறையான வழி இருக்கிறது. அதை நம் தமிழில் விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டு மலரில் இப்படியொரு தலைப்பா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நான் மருத்துவ மாணவி அல்லள். உயிர்மருத்துவப் பொறியியல் பயில்பவள். உடலுக்குள் வைக்கப்படும் பொருள்கள் எவற்றால் செய்யப்படுகின்றன, எப்படிப் பழுதாகின்றன என்பது எங்கள் பாடத்தின் ஒரு பகுதி. தொழிற்பயிற்சியின்போது மாதிரிப் பைகள் சிலவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன்பின் என் தோழியர் இருவர் மூவர் தனித்தனியாக வந்து என்னிடம் விசாரித்தார்கள். நம்மவர்களிடையே இந்தப் பேச்சு ஒன்று கேலியாக இருக்கிறது, அல்லது கிசுகிசுவாக இருக்கிறது. செய்துகொள்வது சரியா தவறா என்று தீர்ப்பு வழங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுப்பவரைவிட, தன் உடம்பின் அளவைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. மார்பகப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்து, அதை மீண்டும் அமைத்துக்கொள்ளும் பெண்களுக்கும் இதே கணக்குதான் பயன்படுகிறது. மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான் என்பதை நினைவில் கொண்டால், இது நம்மில் யாருக்கும் தொலைவில் உள்ள செய்தி அன்று.

கொஞ்சம் வரலாறு

சிலிக்கோன் பையை முதன்முதலில் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்களான தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும். இரத்தம் நிரம்பிய நெகிழிப் பையைக் கையில் பிடித்துப் பார்த்தபோது ஜெரோவுக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். 1962-ஆம் ஆண்டு டிம்மி ஜீன் லின்ட்சி என்ற பெண்ணுக்கு முதல் அறுவை நடந்தது. அவர் மருத்துவமனைக்குப் போனது மார்பில் இருந்த பச்சையை அழித்துக்கொள்ள! மருத்துவர்கள் கேட்டதால் சம்மதித்தவர், அப்படியே தம் காதுகளையும் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொண்டார் என்பது சுவையான செய்தி.

இன்று பைகள் இருவகை. சிலிக்கோன் உறைக்குள் சிலிக்கோன் கூழ் நிரப்பியது ஒன்று. அதே உறைக்குள் உப்புநீர் நிரப்பியது மற்றொன்று. ஒவ்வொரு பையும் இத்தனை சிசி என்று கணக்கிட்டே விற்பனைக்கு வருகிறது. ஒரு சிசி என்பது ஒரு மில்லிலிட்டர். தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் 'கனஅளவு' என்று படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் 'இசி பாடு' என்று மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டோமே, அதேதான்.

உள்ளாடையின் எழுத்தை நம்பலாமா?

கப் எழுத்திலிருந்து தொடங்குவோம். உள்ளாடையில் 34பி என்று எழுதியிருந்தால் அதில் இரண்டு செய்திகள் உள்ளன. 34 என்பது மார்புக்கூட்டைச் சுற்றிவரும் பட்டையின் அளவு. 'பி' என்பது, மார்பின் முழுச் சுற்றளவுக்கும் பட்டையின் அளவுக்கும் உள்ள வேறுபாடு. அமெரிக்கக் கணக்கில் ஓர் அங்குல வேறுபாடு 'ஏ', இரண்டு அங்குலம் 'பி', மூன்று அங்குலம் 'சி'. ஆக, எழுத்து ஒரு வேறுபாட்டைக் குறிக்கிறதே தவிர, கனஅளவைக் குறிப்பதில்லை. 32டி, 34சி, 36பி ஆகிய மூன்று உள்ளாடைகளின் கிண்ணங்களும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு கொண்டவை. மூன்று வெவ்வேறு எழுத்துகள், ஒரே கிண்ணம்! அதுமட்டுமா? ஒரு நிறுவனத்தின் 'சி' இன்னொரு நிறுவனத்தில் 'பி' ஆகிவிடுகிறது. பசார் மாலாமில் வாங்கும் உள்ளாடைக்கும் பேரங்காடியில் வாங்கும் உள்ளாடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தோழியருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதனால்தான் நேர்மையான மருத்துவர் எவரும் "உங்களை சி கப் ஆக்கிவிடுகிறேன்" என்று உறுதி தருவதில்லை. ஒரு கப் கூட வேண்டுமானால் ஏறக்குறைய 150 முதல் 200 சிசி என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்புக்கூடு அகலமானவருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஒடிசலான உடம்புக்குக் குறைவாகவே போதும். இணையத்தில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி "இவருக்கு 350 சிசி, எனக்கும் அதே" என்று கேட்பது பயனற்றது. அவருக்கு ஏற்கெனவே இருந்த மார்பகத்தோடு 350 சேர்ந்துதான் அந்தத் தோற்றம் வந்தது. உங்களிடம் இருப்பது வேறு, ஆகவே கூட்டுத்தொகையும் வேறு.

காலிப்பரும் அளவுநாடாவும்

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? மார்பகத்தின் அடி அகலத்தில். மார்பகம் நெஞ்சில் பதிந்திருக்கும் பகுதியின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை காலிப்பரால் நேர்கோட்டில் அளப்பார்கள். வளைத்து அளப்பதில்லை. பலருக்கு இது 11 முதல் 13 சென்டிமீட்டருக்குள் இருக்கும். வைக்கப்போகும் பையின் அகலம் இதைத் தாண்டக் கூடாது. பையின் ஓரங்களை மூடச் சதை வேண்டும் என்பதால், அரை முதல் ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

இந்த அகலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். 12 சென்டிமீட்டர் அகலமுள்ள 300 சிசி பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவம் மாறாமல் அதை 330 சிசி ஆக்கினால் அகலம் எவ்வளவு கூடும்? கனஅளவு 10 விழுக்காடு கூடினாலும் நீளமும் அகலமும் 3 விழுக்காடு அளவிலேயே கூடும். அதாவது 12 சென்டிமீட்டர், 12.4 ஆகும். நான்கே மில்லிமீட்டர்! 30 சிசி என்பது இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். 300-ஆ 325-ஆ என்று பல இரவுகள் தூக்கமின்றித் தவிக்கும் பெண்கள் இருக்கிறார்களாம். அந்த வேறுபாட்டைச் சட்டைக்கு மேலே யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அதே 300-ஐ 400 ஆக்கிப் பாருங்கள். அகலம் 13.2 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. மார்பகத்தின் அடி அகலமோ 12-தான். மீதமுள்ள ஒன்றே கால் சென்டிமீட்டர் எங்கே போகும்? அக்குளை நோக்கித் தள்ளும். கை வீசி நடக்கையில் உரசும். அல்லது நெஞ்சின் நடுவே நெருங்கும். இரு பக்கமும் அப்படி நெருங்கினால் நடுவில் இருக்க வேண்டிய பள்ளமே மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிட்டதுபோல் தோன்றும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினமானது.

அடுத்தது தோலின் இளக்கம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் தோலைப் பிடித்து முன்னோக்கி இழுத்து, எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று பார்ப்பார்கள். 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக வந்தால் தோல் இறுக்கமானது. 3-க்கு மேல் வந்தால் தளர்வானது. குழந்தை பெறாத இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் இறுக்கமாகவும், பாலூட்டி முடித்தவர்களுக்கும் உடல் எடையை வெகுவாகக் குறைத்தவர்களுக்கும் தளர்வாகவும் இருக்கும். புதிய பலூனை ஊதுவதற்கும் ஏற்கெனவே ஒருமுறை ஊதிய பலூனை ஊதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. இறுக்கமான தோலுக்குள் பெரிய பையைத் திணித்தால் பந்துபோல் விறைத்து நிற்கும். தளர்ந்த தோலுக்குள் மிகச் சிறியதை வைத்தால் மேல்பகுதி நிரம்பாமல் சரிந்து கிடக்கும்.

மூன்றாவது, காம்பிலிருந்து மார்பகத்தின் கீழ்மடிப்பு வரையுள்ள தூரம், தோலை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில். பை பெரிதாக ஆக இந்தத் தூரமும் நீள வேண்டும். 300 சிசிக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தேவை என்பது ஒரு கணக்கு. அவ்வளவு இல்லையென்றால் மருத்துவர் கீழ்மடிப்பைச் சற்றுக் கீழே இறக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி இறக்கினால் பை நழுவிக் கீழே போய், காம்பு மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

நான்காவதும் ஐந்தாவதும் கிள்ளிப் பார்க்கும் அளவுகள். மார்பகத்தின் மேற்பகுதியில் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளி அதன் தடிமனை அளப்பார்கள், கீழ்மடிப்பிலும் அவ்வாறே. மேலே 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், பையின் விளிம்பும் சுருக்கங்களும் வெளியே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்சுத்தசையின் கீழே பையை வைப்பது வழக்கம். 'தசைக்கு மேலா, கீழா' என்ற அந்தப் பெரிய கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொல்வது இந்தச் சின்னக் கிள்ளல்தான்.

இந்த ஐந்து அளவுகளையும் ஒரு முறையாகத் தொகுத்தவர், டல்லாஸ் நகர மருத்துவர் ஜான் டெபெட்ஸ். 2005-இல் வில்லியம் ஆடம்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. அடி அகலத்திலிருந்து ஒரு தொடக்க எண்ணைப் பெற வேண்டும். 12 சென்டிமீட்டர் என்றால் சுமார் 300 சிசி. தோல் இறுக்கமாக இருந்தால் அதில் 30 கழிக்க வேண்டும். தளர்வாக இருந்தால் 30 கூட்ட வேண்டும். ஏற்கெனவே மார்பகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதற்கேற்ப இன்னொரு திருத்தம். ஒரு தாளில் எழுதி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்! எல்லா மருத்துவர்களும் அப்படியே பின்பற்றுவதில்லை. தத்தம் அனுபவத்திற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆயினும் அளந்து முடிவெடுப்பது என்ற கொள்கை நிலைத்துவிட்டது. நான் பொறியியல் மாணவி என்பதாலோ என்னவோ, இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. "உங்களுக்கு எது அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்பவரைவிட, "உங்கள் அகலம் 11.8, அதனால் இது" என்று சொல்பவரை நம்புவது எளிது.

தோசையும் இட்லியும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். அகலம் குறைவாக உள்ள பெண் பெரிய அளவை விரும்பினால் வழியே இல்லையா? இருக்கிறது, ஓர் எல்லை வரை. ஒரு கரண்டி மாவைக் கல்லில் தேய்த்தால் தோசை, குழியில் ஊற்றினால் இட்லி. மாவு அதே அளவுதான். ஒன்று பரந்து கிடக்கிறது, மற்றொன்று உயர்ந்து நிற்கிறது. பைகளும் அவ்வாறே. ஒரே 300 சிசி, தட்டையான வடிவிலும் நடுத்தர வடிவிலும் முன்னோக்கி எழும் உயர்ந்த வடிவிலும் கிடைக்கிறது. நடுத்தரத்திலிருந்து உயர்ந்த வடிவுக்குப் போனால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம் குறைந்து, அந்த அளவு முன்பக்கம் எழும். ஆகவே 'எத்தனை சிசி' என்ற எண் தனியாக நின்றால் பொருளற்றது. எத்தனை சிசி, எவ்வளவு அகலம், எவ்வளவு எழுச்சி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஓர் அளவு.

உயர்ந்த வடிவத்திற்கும் ஒரு விலை உண்டு. முன்னோக்கி அழுத்தும் பை, அதன் முன்னுள்ள மார்பகச் சதையையும் தோலையும் நாளடைவில் மெலியச் செய்யும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பையை எடுத்துவிட்டாலும் மெலிந்த சதை திரும்புவதில்லை.

வட்டப் பை, துளி வடிவப் பை என்ற வேறுபாட்டையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். துளி வடிவம் உள்ளே திரும்பிவிட்டால் மார்பகம் கோணலாகிவிடும் என்பதால், அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்வார்கள். சொரசொரப்பான பைகளோடு தொடர்புடைய அரியதொரு நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் அத்தகைய பைகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் பல மருத்துவர்கள் வழுவழுப்பான வட்டப் பையையே தேர்ந்தெடுக்கின்றனர். பழைய கட்டுரைகளில் துளி வடிவத்தைப் புகழ்ந்து எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் அது எந்த ஆண்டுக் கட்டுரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சமையலறையில் ஒரு சோதனை

கண்ணாடி முன் நின்று கற்பனை செய்து பார்ப்பதற்குப் பதிலாக, வீட்டிலேயே முயன்று பார்க்க ஒரு வழி உண்டு. அரிசிச் சோதனை! மெல்லிய நைலான் காலுறையின் நுனிப்பகுதியில் அளந்த அரிசியைக் கொட்டி, முடிச்சுப் போட்டு, தட்டையாக்கி, பஞ்சு வைக்காத உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முழுவதும் அப்படியே இருந்து, பாத்திரம் கழுவுங்கள், படி ஏறுங்கள், குனிந்து நிமிருங்கள். மருத்துவமனையிலும் இதற்கென்றே மாதிரிப் பைகளை வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே பத்து நிமிடம் கண்ணாடி முன் நிற்பதும், வீட்டில் ஒரு நாள் சுமந்து திரிவதும் ஒன்றாகா.

இதில் ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனைக்கான குறிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அவர்கள் சொல்லும் ஒரு கப், சுமார் 240 மில்லிலிட்டர். நம் வீட்டு ரைஸ் குக்கரோடு வரும் கப்போ 180 மில்லிலிட்டர். ஒன்றே கால் கப் என்று படித்துவிட்டு ரைஸ் குக்கர் கப்பால் அளந்தால் 300 சிசிக்குப் பதிலாக 225-தான் வரும். அதைப் பார்த்து "இது போதாது" என்று இன்னும் பெரிய எண்ணுக்குத் தாவும் அபாயம் இருக்கிறது. மில்லிலிட்டர் கோடு போட்ட குவளையால் அளப்பதே சரி. எடையிலும் ஏமாறக் கூடாது. 300 மில்லிலிட்டர் பச்சரிசி சுமார் 240 கிராம். அதே அளவு சிலிக்கோன் கூழ் 290 கிராம். இரண்டு பக்கமும் 300 சிசி என்றால் அரைக் கிலோவுக்கும் மேல். இரண்டு பக்கமும் 500 என்றால், கடையில் வாங்கும் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை ஆயுள் முழுக்க நெஞ்சில் சுமப்பதற்குச் சமம். பூப்பந்து விளையாடுபவர்களும் ஓட்டப் பயிற்சி செய்பவர்களும் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முப்பரிமாணப் படக்கருவியில் 'இதற்குப் பின் இப்படி இருப்பீர்கள்' என்று காட்டும் வசதியும் இப்போது பல இடங்களில் உண்டு. வடிவத்தைப் பற்றி மருத்துவரும் நாமும் ஒரே மொழியில் பேச அது உதவும். திரையில் தெரிவது கணினியின் ஊகம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கணினி நம் தோலை இழுத்துப் பார்த்ததில்லை.

மீண்டும் அமைத்துக்கொள்பவர்கள்

புற்றுநோயால் ஒரு மார்பகத்தை இழந்த பெண்ணுக்குக் கேள்வியே வேறு. அவர் பெரிதாக்க விரும்பவில்லை. மற்றப் பக்கத்தோடு பொருந்த வேண்டும் என்றே விரும்புகிறார். இங்கேயும் அடி அகலமே முதல் அளவு. அறுவையின்போது அகற்றிய மார்பகத்தைத் தராசில் வைத்து எடை பார்ப்பதும் ஒரு துணைக்கணக்கு. தோல் போதாத நிலையில் பல வேளைகளில் நேரடியாகப் பையை வைப்பதில்லை. முதலில் 'எக்ஸ்பாண்டர்' எனப்படும், நிரப்பக்கூடிய பையை வைத்து, சில வாரங்களுக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் ஊசி வழியாக உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். தோல் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். போதுமான அளவை எட்டியதும் அதை எடுத்துவிட்டு நிரந்தரப் பையை வைப்பார்கள். ஒருவகையில், அளவைத் தம் உடம்பிலேயே பார்த்து "இது போதும், டாக்டர்" என்று சொல்லும் வாய்ப்பு இப்பெண்களுக்குத்தான் கிடைக்கிறது. எவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு!

கதிரியக்கச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இந்தக் கணக்கு சிக்கலாகும். கதிரியக்கம் தோலை இறுக்கிவிடும்; பையைச் சுற்றி உருவாகும் தழும்பு உறையும் இறுகும் வாய்ப்பு மிகுதி. அவர்களுக்கு வயிற்றுப் பகுதிச் சதையைக் கொண்டே மார்பகம் அமைப்பது பொருத்தமாக இருக்கலாம். எதுவும் வேண்டாம் என்று உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு நிம்மதியாக இருப்போரும் பலர். அதற்கும் அளவு பார்த்தே வாங்க வேண்டும். எடை பொருந்தாவிட்டால் உள்ளாடை ஒரு பக்கமாக ஏறி இறங்கும்.

அளவு தப்பினால்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அழகுக்காகப் பை வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்தாண்டுகளுக்குள் அதை அகற்ற நேரிடுகிறது. மீளமைப்புக்காக வைத்துக்கொண்டவர்களில் இது இரண்டில் ஒருவர் வரை எட்டுகிறது. காரணங்கள் பல. பையைச் சுற்றி உடம்பு தானாகவே உருவாக்கும் உறை இறுகி வலிப்பது, பை கிழிவது, இடம் நழுவுவது ஆகியவை முக்கியமானவை. அளவு பிடிக்காமல் மீண்டும் மேசையில் படுப்பவர்களும் இருக்கிறார்கள். 22 வயதில் பை வைத்துக்கொள்ளும் ஒருத்தி, வாழ்நாளில் இன்னும் ஓர் அறுவையாவது நடக்கும் என்று எண்ணியே பணத்தைக் கணக்கிட வேண்டும். இந்த 22 என்ற வயதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் அழகுக்காகச் சிலிக்கோன் கூழ்ப் பை வைக்க ஒப்புதல் உள்ள குறைந்தபட்ச வயது அதுதான். உப்புநீர்ப் பைக்கு 18.

முதல் சில வாரங்களில் அளவைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. வீக்கத்தால் பெரிதாகவும், தசை இறுக்கத்தால் மிக மேலே ஏறியும் தெரியும். வடிந்து, தளர்ந்து, இயல்பான இடத்தில் அமர மூன்று முதல் ஆறு மாதங்கள் பிடிக்கும். அதன்பின் "இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமோ" என்று கேட்பவர்களை மருத்துவர்கள் அடிக்கடி சந்திப்பதாகச் சொல்வார்கள். புதிய உருவம் கண்ணுக்குப் பழகிவிடுவதே அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த ஆசையை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து "ஒரு படி பெரிதாகவே போடுங்கள்" என்று தோழிகள் வழங்கும் அறிவுரையை நான் ஏற்க மாட்டேன். கண் பழகிவிடும், தோல் அப்படிப் பழகாது, தொங்கிவிடும்.

நம் நாட்டில் செய்துகொள்ள எண்ணுபவர்கள், மருத்துவரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் அறுவை நிபுணராக இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். எந்த அழகு நிலையமும் இதைச் செய்யத் தகுதி பெற்றதன்று. வெளிநாட்டுக்குப் போய்க் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்ற விளம்பரங்கள் வரும். உடம்பைத் தொட்டு அளப்பதற்கு முன்பே, அனுப்பிய படத்தைப் பார்த்து "உங்களுக்கு 375" என்று முடிவு சொல்லும் இடமாக இருந்தால், இதுவரை படித்த ஐந்து அளவுகளில் எதை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். சந்திப்பின்போது அடி அகலம் எவ்வளவு, கிள்ளல் எவ்வளவு, பையின் அகலமும் எழுச்சியும் எவ்வளவு, ஏன் இந்த எண் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மார்பகங்களும் ஒரே அளவில் உள்ள பெண் அரிது. ஆகையால் இரு பக்கமும் தனித்தனியாக அளந்தார்களா என்றும் பாருங்கள். சிலருக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவுப் பைகள் தேவைப்படும். வெட்கப்பட வேண்டிய கேள்வி எதுவும் இதில் இல்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அக்காவையோ அம்மாவையோ அழைத்துச் செல்லுங்கள். அம்மாக்கள் நாம் நினைப்பதைவிடப் பொறுமையாகக் கேட்பார்கள் என்று ஒரு தோழி சொன்னாள்.

அறுவைக்குப் பின் ஒரு சிறிய அட்டை தருவார்கள். பையின் நிறுவனம், வகை, அளவு, வரிசை எண் ஆகியவை அதில் இருக்கும். ஃபிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பியது 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தபோதும், 2019-இல் சொரசொரப்பான பைகள் திரும்பப் பெறப்பட்டபோதும், தன்னுள் இருப்பது எந்தப் பை என்பதை உடனே தெரிந்துகொள்ள உதவியது அந்த வரிசை எண்தான். சிலிக்கோன் கூழ்ப் பை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால், ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்து பார்க்கப் பரிந்துரைக்கிறார்கள். அப்போதும், பின்னாளில் மெமோகிராம் எடுக்கும்போதும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். பை இருப்பது தெரிந்தால்தான் கூடுதல் கோணங்களில் படம் எடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பிலேயே அதையும் வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.